வெளிச்சம் கசியும் மரக்கிண்ணம்: கடைசல் பழகுபவர்களுக்கு ஒரு விளக்கம்

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான்களில் ஒரு குடத்தை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அரக்குப் பூச்சின் பளபளப்பு தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. குழந்தைகள் தரையில் உருட்டி விளையாடுவதற்காகச் செய்த பொருள் அது. கனமாக இருந்தால்தான் நாலு வருடம் உழைக்கும். ஆனால் அதே கடைசல் பட்டறையில், ஏறக்குறைய அதே உளிகளை வைத்துக்கொண்டு, ஒரு விளக்கின் மேல் கவிழ்த்தால் தன் சுவரெல்லாம் மஞ்சளாக ஒளிரும் கிண்ணத்தையும் கடைய முடியும். மறுபக்கம் இருப்பது தெளிவாகத் தெரியாது. ஆனால் சுவருக்குப் பின்னால் கையை வைத்தால் விரல்களின் நிழலை எண்ணிவிடலாம்.

பட்டறைக்காரரிடம் போய், "அண்ணாச்சி, அரை நூல் கனத்துக்கு ஒரு கிண்ணம் கடைந்து தருவீர்களா?" என்று கேட்டால் அவர் முதலில் சிரிப்பார். அரை நூல் என்றால் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு. சிரிப்பதற்குக் காரணம் உண்டு. பொம்மை விலைக்கு இந்த வேலையைச் செய்து கட்டுப்படியாகாது. அதனால் இது பெரும்பாலும் பொழுதுபோக்காகக் கடைபவர்களின் வேலையாகவே உலகெங்கும் வளர்ந்திருக்கிறது. லேத் ஒன்றைச் சொந்தமாக வாங்கி, ஓரளவு உருளையும் கிண்ணமும் கடையப் பழகியவர்கள் அடுத்து எதைச் செய்யலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடைசலில் உள்ள எல்லா அடிப்படைகளையும் ஒரே பொருளில் சோதித்துவிடும்.

இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: மரத்தை மெலியச் சீவிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வெளிச்சம் வந்துவிடும் என்று. மெலிவு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த தேக்கை ஒரு மில்லிமீட்டருக்குக் கடைந்தாலும் அது பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். வெப்பாலையைப் பச்சையாகவே இரண்டு மில்லிமீட்டருக்குக் கடைந்தால் பளிச்சென்று ஒளிரும். இந்த வித்தியாசம் மரத்தின் உள்ளே காற்று இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்பதில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் உளியைப் பிடித்தால் வேலை குருட்டாம்போக்காகிவிடும். எனவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரம் ஏன் வெளிச்சத்தை மறைக்கிறது

மரம் என்பது நெருக்கமாக அடுக்கப்பட்ட நுண்குழாய்களின் கட்டு. மரம் உயிரோடு நிற்கும்போது அந்தக் குழாய்களில் பெரும்பாலும் நீர் இருக்கிறது. அறுத்துக் காயப்போட்ட பிறகு நீர் வெளியேறி அந்த இடத்தில் காற்று புகுந்துகொள்கிறது. குழாய்களின் சுவர் செல்லுலோஸாலும் லிக்னின் என்னும் பொருளாலும் ஆனது. செல்லுலோஸுக்குத் தனியாக நிறம் கிடையாது. லிக்னினுக்கு இலேசான பழுப்பு நிறம் உண்டு. வெளிர்நிற மரத்தில் ஒளியை முழுதாக விழுங்கிவிடும் அளவுக்கு அதுவும் போதாது.

அப்படியானால் மறைப்பது எது? ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும் எல்லையில் வளைகிறது; ஒரு பங்கு திரும்பியும் போகிறது. எவ்வளவு வளையும் என்பதைப் பள்ளிப் பாடத்தில் படித்த ஒளிவிலகல் எண் சொல்லும். காற்றுக்கு அது ஏறக்குறைய 1. மரக்குழாயின் சுவருக்குச் சுமார் 1.53. இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மரத்துக்குள் இப்படிப்பட்ட குழாய்கள் பல பத்து இருக்கின்றன. ஒவ்வொரு குழாயிலும் ஒளி காற்றிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து காற்றுக்கு என்று மாறி மாறிப் போகிறது. ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் சிதறி, கடைசியில் மறுபக்கம் வந்துசேர ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

இப்போது குழாய்க்குள் காற்றுக்குப் பதில் நீர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீரின் எண் 1.33. இடைவெளி பாதிக்கு மேல் குறைந்துவிட்டது; சிதறலும் குறைகிறது. நீருக்குப் பதில் ஆளிவிதை எண்ணெய் என்றால் சுமார் 1.48. அப்போது சுவருக்கும் எண்ணெய்க்கும் இடையே எல்லை இருப்பதே ஒளிக்குச் சரியாகத் தெரியாது. நேராகக் கடந்துவிடுகிறது.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தபிறகு தாளில் நெய் ஊறிய இடத்தை விளக்குக்கு நேரே பிடித்தால் போதும். தாளின் கனம் அப்படியேதான் இருக்கிறது. நெய் ஊறிய வட்டம் மட்டும் ஒளிர்கிறது. தாளும் மரநாரில் செய்ததுதான். எனவே கிண்ணத்தில் நடப்பதும் இதேதான்.

ஆய்வாளர்கள் இந்தத் தத்துவத்தை இன்னும் தூரம் கொண்டுபோயிருக்கிறார்கள். 1992-இல் ஜெர்மனியில் சீக்ஃபிரீட் ஃபிங்க் என்பவர் மரத்தின் உள்ளமைப்பைப் பார்ப்பதற்காக அதன் நிறத்தை நீக்கி, ஒளி ஊடுருவும் மரத்துண்டுகளைத் தயாரித்தார். 2016-இல் ஸ்வீடனின் கேடிஎச் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்திலும் லிக்னினை நீக்கிவிட்டு அந்த இடத்தில் தெளிவான பிளாஸ்டிக்கை ஊட்டி, ஜன்னலுக்குப் பயன்படக்கூடிய பலகைகளைச் செய்து காட்டினார்கள். நமக்கு அந்த ரசாயனம் எதுவும் தேவையில்லை. பச்சை மரமும் ஒரு குப்பி எண்ணெயும் போதும்.

பச்சை மரத்தைக் கடைகிறோம். உள்ளே நீர் இருப்பதால் கடையும்போதே வெளிச்சம் தெரிகிறது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தே கனத்தை அளக்கிறோம். பிறகு மரம் காய்கிறது. நீர் போய்க் காற்று வருவதால் ஒளி மங்குகிறது. அதன்பின் எண்ணெய் ஊட்டுகிறோம். ஒளி திரும்பி வந்து நிலைக்கிறது. வேலையின் மொத்த வரிசையும் இவ்வளவுதான். முதன்முதலில் கடைபவர்கள் காய்ந்தபின் மங்கிப்போன கிண்ணத்தைப் பார்த்து, மெலிவு போதவில்லை என்று நினைத்து மறுபடி லேத்தில் ஏற்றப் பார்ப்பார்கள். ஏற்றக்கூடாது. ஏன் என்பது பின்னால் வரும்.

அரை நூல்

தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். சாதாரணமாகக் கடையும் கிண்ணத்தின் சுவர் இரண்டு மூன்று நூல் இருக்கும். வெளிச்சக் கிண்ணத்துக்கு நாம் குறிவைப்பது அரை நூல், அதாவது சுமார் 1.6 மில்லிமீட்டர். கைதேர்ந்தவர்கள் அதற்கும் கீழே ஒரு மில்லிமீட்டர் வரை போவார்கள். முதல் கிண்ணத்துக்கு இரண்டு மில்லிமீட்டரில் நிறுத்திக்கொண்டால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மெலிவு பெரிய சாதனை அல்ல. விளிம்பிலிருந்து அடிவரை ஒரே கனமாக இருப்பதுதான் சாதனை. கையால் தடவினால் தெரியாத கால் மில்லிமீட்டர் வேறுபாட்டை விளக்கு ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மில்லிமீட்டரும் இரண்டு மில்லிமீட்டருமாகத் திட்டுத் திட்டாக ஒளிரும் கிண்ணத்தைவிட, முழுக்க இரண்டு மில்லிமீட்டரில் அமைதியாக ஒளிரும் கிண்ணமே எனக்கு மேல். எவ்வளவு மெலிதாகக் கடைந்தேன் என்று பெருமை பேசுபவர்களின் கிண்ணங்களை இருட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கனத்தை அளக்கக் காலிப்பர் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் லேத்தை நிறுத்தி, காலிப்பரை நுழைத்து, மறுபடி ஓடவிட வேண்டும். விளக்கு அந்தத் தொல்லையைப் போக்குகிறது. கடையும்போது சுவருக்கு வெளியே ஒரு விளக்கை வைத்துவிட்டு உள்பக்கத்தைப் பார்த்தபடியே சீவலாம். கனம் மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போது மங்கிய சிவப்பு தெரியும். சீவச் சீவ அது ஆரஞ்சாக மாறும், பிறகு மஞ்சளாகும். லிக்னின் நீல ஒளியை அதிகம் விழுங்குகிறது. சிதறலிலும் நீலமே முதலில் தொலைகிறது. நீண்ட தூரம் கடந்து பிழைத்து வருவது சிவப்பு மட்டும். தூரம் குறைந்தால் மற்ற நிறங்களும் கூட வருகின்றன. எனவே நிறமே அளவுகோல். நீங்கள் எடுத்த மரத்தில் அரை நூலுக்கு என்ன மஞ்சள் வருகிறது என்பதை விளிம்பில் ஒருமுறை காலிப்பரால் உறுதிசெய்துகொண்டு, அடிவரை அந்த மஞ்சளையே பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

எந்த மரம்

இந்தக் கலையில் உலகப் பெயர் பெற்றது நார்ஃபோக் பைன். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவு அதன் சொந்த ஊர். ஹவாயில் பங்குத் தரகராக இருந்த ரான் கென்ட் இந்த மரத்தில் மெல்லிய கிண்ணங்களைக் கடைந்து, எண்ணெயில் ஊறவைப்பதும் தேய்ப்பதுமாகத் திரும்பத் திரும்பச் செய்து, அம்பர் என்னும் மஞ்சள் நிறப் பிசின்கல் போல ஒளிரும்படி ஆக்கிப் புகழ்பெற்றார். அந்த மரத்தில் கிளைகள் தண்டைச் சுற்றி ஒரே மட்டத்தில் வளையமாகக் கிளம்பும். அதனால் கிண்ணம் கடைந்தால் சுவரைச் சுற்றிக் கணுக்கள் ஒரு வரிசையில் வந்து செந்நிறமாக எரியும். நம் பக்கத்தில் பங்களாத் தோட்டங்களிலும் தேவாலய வளாகங்களிலும் அடுக்கடுக்காகக் கிளைவிட்டு நிற்கும் "கிறிஸ்துமஸ் மரம்" பெரும்பாலும் இதுவோ இதன் நெருங்கிய உறவு மரமோதான். காற்றில் சாய்ந்த ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கிடைக்காவிட்டாலும் குறையில்லை. நம் மண்ணில் இதற்கு ஏற்ற மரம் வெப்பாலை. சொரியாசிஸ் எண்ணெய்க்காக இலை பறிக்கும் அதே மரம். வெள்ளை வெளேரென்று, நெருங்கிய நாரோடு, யானைத் தந்தம் போன்ற வழுவழுப்போடு இருக்கும். கர்நாடகத்தின் சென்னபட்டணத்துப் பொம்மைகள் பரம்பரையாக இந்த மரத்தில்தான் செய்யப்பட்டன. தண்டு பருத்து வளராது என்பது ஒன்றே குறை. நான்கு அங்குலக் கிண்ணத்துக்கு மேல் ஆசைப்படக்கூடாது. பழகுவதற்கு அது போதும். அடுத்தது எலுமிச்சை. புளியங்குடிப் பக்கம் வயதான எலுமிச்சை மரங்களை வெட்டி விறகுக்குப் போடுவார்கள். இளமஞ்சளான, அடர்த்தியான மரம். உளிக்கு வெண்ணெயாக இடம் கொடுக்கும். ஆனால் வெட்டிப்போட்டால் வெகு சீக்கிரம் வெடிக்கும். வெட்டிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்ட்டோ பூசி, சாக்கில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும்.

அம்பாசமுத்திரத்துக் கடைசலுக்கு ஒருகாலத்தில் பேர்போன மஞ்சள்கடம்பும் இதற்குப் பொருந்தும். அதற்காக மலைப்பக்கம் கத்தியோடு போய்விடாதீர்கள். 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அமைந்த பிறகு அந்த மலையின் சுள்ளிக்கும் சட்டம் காவல் இருக்கிறது. பட்டா நிலத்து மரமும் தோட்டத்து மரமும் நமக்குப் போதும். குமரி மாவட்டத்து ரப்பர் மரம் வெளிர்நிறம்தான். ஆனால் ஈரமாக வைத்திருந்தால் ஓரிரு நாளில் பூஞ்சை பிடித்து நீலம் பாரிக்கும். தேக்கு, பூவரசு, வேம்பு ஆகியவற்றின் வைரம், அதாவது தண்டின் உள்ளே இருக்கும் கருத்த கட்டை, வேண்டாம். வைரத்தில் படிந்த நிறப்பொருள்கள் ஒளியை விழுங்கிவிடும். எண்ணெய் ஊட்டினாலும் பயனில்லை. பூவரசின் வெளிப்புற வெள்ளையில் முயலலாம். நம் சீமையின் அடையாளமான பனையை மறந்துவிடுங்கள். அதன் கருநாரும் சோற்றுப்பகுதியும் ஒரே உளிக்கு இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

மரத்தை லேத்தில் எந்தத் திசையில் மாட்டுவது என்பதும் வெளிச்சத்தோடு தொடர்புடையது. கடைசல் பழகுபவர்கள் கிண்ணத்துக்குப் பலகையைக் குறுக்காக மாட்டுவது வழக்கம். அப்படி மாட்டினால் சுவரைச் சுற்றி வரும்போது இரண்டு இடத்தில் நாரின் பக்கவாட்டையும் இரண்டு இடத்தில் நாரின் முனையையும் சந்திக்கிறோம். குழாய்களின் நீளவாக்கில் ஒளி எளிதாகப் போகும். எனவே கனம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பக்கம் பிரகாசமாகவும் இரண்டு பக்கம் மங்கலாகவும் தெரியும். நிறத்தை அளவுகோலாக வைத்திருப்பவருக்கு இது பெரிய குழப்பம். மரம் நின்ற திசையிலேயே, அதாவது தண்டின் நீளம் லேத்தின் அச்சோடு ஒத்துப்போகும்படி மாட்டினால் சுற்றிலும் ஒரே மாதிரி நார். ஒரே மாதிரி ஒளி. முதல் கிண்ணத்தை இப்படித்தான் கடைய வேண்டும்.

கடைதல்

துண்டை லேத்தின் பிடிவாயான சக்கில் இறுக்கமாகப் பிடித்து, முதலில் வெளிப்புறத்தை முழுவதும் முடித்துவிடுங்கள். வடிவம் எளிமையாக இருக்கட்டும்: விளிம்பிலிருந்து அடிக்கு ஒரே ஓட்டமாக இறங்கும் வளைவு. உள்ளே உளி போய்த் திரும்ப முடியாத வயிறும் கழுத்தும் இப்போது வேண்டாம். வெளிப்புறத்துக்கு உப்புத்தாளும் இப்போதே போட்டுவிட வேண்டும். சுவர் மெலிந்தபின் வெளியே உளி வைக்க முடியாது. அடிப்பகுதியைச் சக்கின் பக்கம் தடிமனாக விட்டுவையுங்கள். கடைசிவரை கிண்ணத்தைத் தாங்கப்போவது அந்தக் கட்டைதான்.

பிறகு உள்பக்கம். நடுவில் துளையிட்டு ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். துளை நிற்கும் இடமே அடியின் எல்லை. இனிதான் முக்கியமான விதி. சுவர் முழுவதையும் ஒரே மூச்சில் மெலிதாக்கக் கூடாது. மேலே ஓர் அங்குலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து, தேய்த்தும் முடித்துவிட வேண்டும். அதற்குக் கீழே மரம் கனமாகவே இருக்கிறது. அது மேலே உள்ள அங்குலத்தை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. பிறகு அடுத்த அங்குலம். அதன்பின் அடுத்தது. முடித்த இடத்துக்குத் திரும்பிப் போகவே கூடாது.

ஏனென்றால் நீங்கள் இரண்டாம் அங்குலத்தில் இருக்கும்போது முதல் அங்குலம் இனி வட்டமாக இல்லை. மரத்துக்குள் வளர்ந்த காலத்திலேயே தேங்கிய இறுக்கம் சுவர் மெலிந்ததும் அவிழ்கிறது. கூடவே ஈரமும் குறையத் தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு விளிம்பு நெளிந்திருக்கும். நெளிந்த விளிம்பில் உளியை வைத்தால் ஒரு சுற்றில் ஓர் இடத்தைத் தொடும், மற்றோர் இடத்தைத் தொடாது. முதலில் கீச்சென்ற சத்தம் வரும். அடுத்தது விளிம்பு சிதறிப் பட்டறையின் நாலு மூலைக்கும் போகும். காய்ந்த கிண்ணத்தை மறுபடி லேத்தில் ஏற்றக்கூடாது என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

உளியைப் பொறுத்தவரை குழிவாய் உளி நல்லது. தட்டையான உளியை நேருக்கு நேர் வைத்துச் சுரண்டினால் மெல்லிய சுவர் அதிரும். அதிர்ந்த தடம் திருகு வரிகளாக நிற்கும். உளியின் சாய்முகம் மரத்தை இலேசாகத் தொட்டுக்கொண்டே போக, வாய் மட்டும் வெட்ட வேண்டும். சாய்முகத்தை அழுத்தினால் சுவர் வெளிப்பக்கம் வளைந்து கொடுக்கும். உளி வெட்டாமல் தள்ளும். அதனால் சுவரின் வெளிப்பக்கத்தில் இடக்கை விரல்களை மெல்ல அணைத்து, உள்ளே உளி தள்ளும் அழுத்தத்தை விரலால் ஈடுகட்ட வேண்டும். விரல் சூடானால் அழுத்தம் அதிகம் என்று பொருள். சாணையை நினைத்தபோதெல்லாம் பிடியுங்கள். ஒவ்வோர் அங்குலத்தின் கடைசிச் சீவலுக்கும் முன்னால் வாய் புதிதாக இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்ப்பவருக்கு இந்த வேலை ஒத்துவராது. நான்கு அங்குலக் கிண்ணத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று போதும்.

காதையும் திறந்து வைத்திருங்கள். கனமான சுவரில் உளி ஓடும் சத்தமும் மெல்லிய சுவரில் ஓடும் சத்தமும் வேறு வேறு. கண் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது காதுதான் முதலில் எச்சரிக்கும்.

விளக்கு விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழகுபவர்கள் தவறாமல் விழும் இடம். கடைந்துகொண்டிருக்கும்போதே சுவர் காயும். காய்ந்த திட்டில் நீருக்குப் பதில் காற்று புகுந்துவிடுவதால் அது மங்கலாகத் தெரியும். மங்கல் என்றால் கனம் என்று கண் தீர்மானித்துவிடும், கை அங்கே இன்னும் கொஞ்சம் சீவும், ஓட்டை விழும். எனவே சட்டைக்குத் தண்ணீர் தெளித்து இஸ்திரி போடப் பயன்படும் தெளிப்பானை அருகில் வைத்துக்கொண்டு அடிக்கடி சுவர் முழுவதும் ஒரே சீராகத் தெளித்தபிறகே நிறத்தை நம்ப வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் திருநெல்வேலியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். தெளித்த ஈரம் உளியைச் சாணை பிடித்துத் திரும்புவதற்குள் போய்விடும். ஆனி ஆடியில் குற்றாலச் சாரல் தென்காசி, செங்கோட்டைப் பக்கம் காற்றையே நனைத்து வைத்திருக்கும் நாட்கள்தான் பச்சை மரம் கடைய உகந்தவை. பட்டறைக்குள் நேராகக் காற்றடிக்கும் ஜன்னலை மட்டும் சாத்திவிடுங்கள்.

தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால் 230 வோல்ட் விளக்கு வேண்டவே வேண்டாம். பேட்டரியில் எரியும் எல்இடி விளக்கு போதும். அது சூடாவதில்லை என்பதும் வசதி. பழைய குண்டு பல்பை அருகில் வைத்தால் அதுவே மரத்தைக் காய வைத்துவிடும். விளக்கைச் சுவரிலிருந்து ஒரே தூரத்தில் நகர்த்திக்கொண்டு போக வேண்டும். கிட்டே போனால் எல்லாமே மெலிதாகத் தெரியும். முகக்கவசம் இல்லாமல் லேத்தின் முன்னால் நிற்காதீர்கள். பச்சை மரம் சுழலும்போது தெறிக்கும் சாறு முகத்தை நனைக்கும். வெப்பாலை என்றால் பால் வேறு. அது தொல்லைதான், ஆபத்து அல்ல. சிதறும் விளிம்புதான் ஆபத்து. வேலை முடிந்ததும் லேத்தின் இரும்புப் படுகையைத் துடைத்து எண்ணெய் போடுங்கள். இல்லாவிட்டால் துருவும் ஏறும். அந்தத் துரு ஈரமரத்தில் பட்டால் கருநீலக் கறையும் விழும். வெளிர்நிறக் கிண்ணத்தில் அந்தக் கறையை ஒளிக்க முடியாது.

அடிவரை சுவர் முடிந்ததும், அடியின் உள்பக்கத்தையும் முடித்து, கட்டையிலிருந்து கிண்ணத்தை அறுத்தெடுக்க வேண்டும். கடைசி நூலை லேத்தில் அறுக்காமல், லேத்தை நிறுத்திவிட்டுச் சிறு ரம்பத்தால் அறுப்பதே நல்லது.

காய்வதும் எண்ணெய் ஊட்டுவதும்

கனமான பச்சைமரக் கிண்ணம் காயும்போது வெடிப்பதற்குக் காரணம், வெளித்தோல் காய்ந்து சுருங்கும்போது உள்பகுதி இன்னும் ஈரமாகச் சுருங்காமல் இருப்பது. அரை நூல் சுவரில் வெளி, உள் என்ற பேதமே கிடையாது. எல்லாம் ஒன்றாகவே காய்கிறது. அதனால் மெல்லிய கிண்ணம் பெரும்பாலும் வெடிப்பதில்லை, வளைகிறது. மரத்தின் ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் சுருக்கம் தொடங்கும். வருட வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைவிடப் பொதுவாக இரண்டு மடங்கு இருக்கும். நாரின் நீளவாக்கில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம்.

தண்டைப் பிளந்து பாதியில் கடைந்த கிண்ணம் முட்டை வடிவத்துக்கு மாறும். நூறு மில்லிமீட்டர் வாய் ஒரு பக்கம் 92, மறுபக்கம் 96 என்று ஆகிவிடலாம். முழுத்தண்டில், நடுக்கணை, அதாவது தண்டின் மையம், லேத்தின் அச்சிலேயே வரும்படி கடைந்தால் வாய் ஏறக்குறைய வட்டமாகவே சிறுக்கும். ஆனால் அடித்தட்டில் சிக்கல். அதன் சுற்றளவு அதிகமாகவும் ஆரம் குறைவாகவும் சுருங்கப் பார்க்கின்றன. தட்டு தடிமனாக இருந்தால் இழுபறியில் நடுக்கணையிலிருந்து வெடிப்பு ஓடும். மெலிதாக இருந்தால் இலேசாகக் குவிந்து சமாளித்துக்கொள்ளும். சுவருக்குக் காட்டிய கவனத்தை அடிக்கும் காட்டச் சொல்வது இதனால்தான். வளைந்துபோன கிண்ணத்தைப் பார்த்து மனம் வருந்தாதீர்கள். என் கண்ணுக்கு, காய்ந்து நெளிந்த விளிம்பு லேத்தின் வட்டத்தைவிட அழகாகவே தெரிகிறது.

காய வைக்க, காகிதப் பையில் போட்டுக் காற்றோட்டமில்லாத நிழலில் வைத்தால் போதும். சமையலறைத் தராசில் தினம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. இப்போது விளக்கில் பிடித்தால் மங்கியிருக்கும், எதிர்பார்த்ததுதான். கையாலேயே, நார் ஓடும் திசையில், வாட்டர் பேப்பரை எண்ணெயில் தொட்டுத் தேய்க்கலாம்.

எண்ணெய் உலரும் வகையாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெயை எடுக்கும் பழக்கம் உண்டு. அது உலராது; நாளடைவில் சிக்குவாடை அடிக்கும், தூசி ஒட்டும். நல்லெண்ணெயும் அப்படித்தான். பெயிண்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டியாகும். தாராளமாகப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, சில நாட்கள் உலரவிட்டு மறுபடி பூச வேண்டும். முதல் பூச்சிலேயே ஒளி திரும்புவது தெரியும். பூசப் பூச இன்னும் ஆழமாகும். மரம் இனி வாங்கிக்கொள்ளாது என்னும் நிலை வரும்போது நிறுத்திக்கொள்ளலாம். ரான் கென்டின் கிண்ணங்களுக்கு அந்த ஆழத்தைக் கொடுத்தது இந்த ஊறவைத்தலும் தேய்த்தலும்தான். அவசரப்படுபவருக்கு அது வராது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் கெட்டியாகும்போது வெப்பம் வெளிவிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகத் தீப்பிடிக்கும். பட்டறையில் மரச்சீவல் வேறு குவிந்திருக்கும். துணியை வெளியே கொடியில் விரித்து முற்றிலும் விறைத்துப்போகும்வரை காயவிடுங்கள். அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

இந்தக் கிண்ணத்தில் பாயசம் ஊற்ற முடியாது. சூடும் ஈரமும் ஒரே வேளையில் அதைக் கெடுத்துவிடும். உள்ளே அகல் ஏற்றுவதும் கூடாது, எண்ணெய் ஊறிய மெல்லிய மரம் அது. பொத்தான் பேட்டரியில் எரியும் சிறு எல்இடி விளக்கின் மேல் கவிழ்த்து வைக்கலாம். நேர்வெயில் படும் ஜன்னலோரத்தில் வைத்தால் மரம் நாளடைவில் மஞ்சளேறி ஒளி குறையும் என்பதால், பகலில் உள்ளே இருக்கட்டும்.